பவுலினிடம் பேசாத தவக்காலம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா. இந்தத் தூக்குச்சட்டியை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கீழே வைத்தால், இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்குக் கஞ்சி முழுவதும் பஸ்தான் குடிக்கும். நீங்களும் ஆஸ்பத்திரிக்குத்தானா? பையில் எக்ஸ்ரே கவர் தெரிந்தது, அதான் கேட்டேன். உங்க வீட்டுக்காரருக்கா? கால் முறிவா? அது சேர்ந்துவிடும், கவலைப்படாதீங்க. எங்க ஊரில் பனையிலிருந்து விழுந்தவர் இன்றைக்குச் சைக்கிள் மிதிக்கிறார், அதுவும் பின்னால் பெண்டாட்டியை வைத்து.

எனக்கு? எனக்கு ஓரகத்தி. பவுலின் என்று பெயர். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நான்தான் கஞ்சி கொண்டு போகிறேன், துணி மாற்றிவிடுகிறேன், தலை சீவிவிடுகிறேன். ஆனால் பேச மாட்டேன். ஆமாம்க்கா, ஒரு வார்த்தை பேச மாட்டேன். சிரிக்காதீங்க. தவக்காலம் இன்னும் முடியவில்லை. சனிக்கிழமை ராத்திரிப் பூசையில் கோயில் மணி அடிக்கிறவரை பவுலினுக்கு என் வாய் பூட்டு.

நீங்க பொட்டு வைத்திருக்கீங்க, உங்களுக்கு மார்கழியும் சஷ்டியும் தெரியும், எங்க தவக்காலம் தெரிந்திருக்காது. சொல்கிறேன். விபூதிப் புதன் அன்றைக்கு, போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலைச் சாமியார் எங்க நெற்றியில் பூசுவார். நீ மண், மண்ணுக்குத்தான் போவாய், ரொம்ப ஆடாதே என்று அர்த்தம். அன்றையிலிருந்து நாற்பது நாள். கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, தலையில் பூக் கிடையாது. ஒருசந்தி என்று ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் எல்லாருக்கும் பொது. இது போக ஆளாளுக்கு ஒரு ஒறுத்தல் உண்டு. நமக்கு ரொம்பப் பிடித்தது ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிட வேண்டும்.

விபூதிப் புதனுக்கு முந்தின நாள் தெருக்காரர்கள் எல்லாரும் ஜெபத்துக்குக் கூடினோம். கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் வந்து, யார் யார் எதை ஒறுக்கப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எதிர்வீட்டு கித்தேரியக்கா, "நான் சீரியலை விடுதேன் சிஸ்டர். ஒம்பது மணி சீரியலை மட்டும் பாத்துக்கிடுதேன், அதுல இப்பம்தான் அவ மாமியாருக்கு உண்மை தெரியப்போவுது" என்றாள். பவுலின் காப்பி என்றாள். எல்லா வருஷமும் காப்பிதான். எனக்குத் தெரியாதா, அவளுக்குக் காப்பி குடித்தால் நெஞ்செரியும்.

என் முறை வந்தது. "நான் நாக்கை ஒறுக்கப் போறேன் சிஸ்டர்" என்றேன். சிஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எவ்வளவு கஷ்டமான ஒறுத்தல்! எல்லாரும் எமல்டாவுக்காக ஜெபிச்சுக்குவோம்" என்றார். யாரிடம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்தால் போதாதா? வீட்டில் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். ததேயு என்று பெயர், வாய் திறந்தால் கேலிதான். "அண்ணிகிட்ட மட்டும்தானா? எனக்கும் சேத்துப் பேசாம இரேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

என்ன கேட்டீங்க? பிடித்ததைத்தானே விட வேண்டும், அவளோடு பேசுவது எனக்குப் பிடிக்குமா என்றா? நல்லாக் கேட்டீங்க போங்க. பிடிக்கும் என்று யார் சொன்னது? பின்னே அந்தத் தெருவில் வேறு யாரோடு பேசுவது? கித்தேரியக்காவோடா? காலையில் நான் முற்றம் தெளிக்கும்போது பவுலினும் தெளிப்பாள். அங்கே தொடங்கும். விளக்கு வைக்கிறவரை ஓடும். பாதி சண்டை, பாதி பேச்சு. ஒரே சுவர்தானே நடுவில். அதை விடுங்க.

சண்டை எதற்கு என்றால், ஒன்பதாம் நிலைக்கு.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்க ஊரில் தெருவெல்லாம் சிலுவைப்பாதை போகும். இயேசு சிலுவை சுமந்துகொண்டு போனபோது நடந்த பதினாலு காரியங்களுக்குப் பதினாலு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் மேசை போட்டு, துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைக்க வேண்டும். சிலுவை அங்கே வந்து நிற்கும், ஊரே முழங்காலில் முட்டுப் போடும், அந்த வீட்டுக்காரிதான் மைக்கில் வாசகம் வாசிக்க வேண்டும். ஒன்பதாம் நிலை, இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார். அது எங்க மாமனார் வீட்டு வாசலில் வருவது. மாமனார் போய்ச் சேர்ந்ததும் வீட்டைப் பாகம் வைத்தார்கள். வாசல் பாகம் அண்ணனுக்கு, சந்துப் பாகம் எங்களுக்கு. வாசலோடு நிலையும் பவுலினுக்குப் போய்விட்டது. வீட்டைப் பாகம் வைத்தீர்கள் சரி, ஆண்டவர் விழுந்ததையுமா பாகம் வைப்பீர்கள்? ஒரு வருஷம் அவள் வாசலில் விழட்டும், ஒரு வருஷம் என் வாசலில் விழட்டும். சந்து என்றால் என்ன, மேசை போட அகலம் இருக்கிறது. நான் ததேயுவை விட்டு அளந்தே பார்த்தேன்.

சரி, அதையும் பொறுத்தேன். போன வருஷம் என்ன செய்தாள் தெரியுமா? அந்த மேசைக்கு விரிக்க என் கையால் ஒரு துணி தைத்தேன். வெள்ளைத் துணி, நாலு ஓரத்திலும் சிவப்பு ரோஜா, பச்சை இலை. பிள்ளையைத் தூங்கப் போட்டுப் போட்டுத் தைத்தது. கொண்டுபோய் மேசையில் நானே விரித்தேன். அவள் வந்தாள், பார்த்தாள். சாமியார் நிற்கிறார், பாடற்குழுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். "ஏட்டி, தவக்காலத்துல பூப்போட்ட துணியா? இது என்ன, கல்யாண வீடா?" என்று சொல்லி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பழைய ஊதாத் துணியை விரித்தாள். சாமியார் சிரித்துவிட்டார். தலையில்தானே பூ வைக்கக் கூடாது, துணியிலுமா? அன்றைக்கே முடிவு பண்ணினேன். ஒன்பதாம் நிலை என் வாசலுக்கு வரும். அதே ரோஜாத் துணியில் வரும்.

இந்த வருஷம் பேச்சை நிறுத்தினேனா? முதல் வாரம் அவளுக்குப் புரியவே இல்லை. முற்றம் தெளிக்கும்போது, "எமல்டா, நேத்து மோட்டார் போட்டியா, தண்ணி வந்துதா?" என்றாள். நான் என் பாட்டுக்குத் தெளித்தேன். "காதுல என்ன, பஞ்சா?" என்றாள். தெளித்தேன். இரண்டாம் வாரம் சுவருக்கு மேலே கிண்ணத்தை நீட்டி, கருவேப்பிலை கேட்டாள். ஒடித்துப் போட்டேன், அவ்வளவுதான். கொடுப்பது வேறு, பேசுவது வேறு. அப்புறம் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். முற்றம் தெளிப்பதையும் நிறுத்திவிட்டாள். திமிரைப் பாருங்க, என் முகத்தில் முழிக்கக் கூடாதாம்.

ஆள் இளைத்தும் போனாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் தொங்கும். ஊரெல்லாம் "பவுலின் ஒருசந்தி இருந்து இப்படி ஆயிட்டாளே" என்று புகழ்கிறது. எனக்குப் பொறுக்குமா? நானும் ஒருசந்தி இருந்தேன். நாலு நாளில் தலை சுற்றி மாவாட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ததேயு பழைய சோற்றைப் பிசைந்து வாயில் திணித்து, "நீ இளைச்சா ஆண்டவருக்கு என்னட்டி லாபம்?" என்று சத்தம் போட்டார். அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று இருந்தது. வீம்புக்காரி, எதையும் செய்வாள் என்று நினைத்தேன்.

இப்போதுதான் கேளுங்க விஷயத்தை. நாலாம் வெள்ளிக்கு முந்தின நாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, நாளைக்கு நான் நாகர்கோயில் போறேன். டாக்டர் வந்து படுக்கச் சொல்லிட்டாரு. ஏதேதோ டெஸ்ட் எடுக்கணுமாம்."

நான் கீரையை உருவினேன்.

"நிலையை நீ வச்சிக்கிடுதியா? உன் வாசல்லயே மேசை போட்டுக்க. இந்த வருசம் மட்டும் இல்ல, இனிமே எப்பமும் நீயே வச்சிக்க. நான் சாமியார்கிட்டச் சொல்லிருதேன்."

அக்கா, என் கை நின்றுபோனது. எத்தனை வருஷம் நான் கேட்ட வார்த்தை! தொண்டை வரை "சரிக்கா" என்று வந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்துச் சாமியார் பிரசங்கம் ஞாபகத்துக்கு வந்தது. தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னார்? இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்தபோது பசாசு வந்து, என்னை வணங்கு, இந்த ராச்சியம் எல்லாம் உனக்குத்தான் என்று ஆசை காட்டியதாம். அவர் மசியவில்லையாம். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பாதித் தவக்காலம் தாண்டியதும் வருகிறது பாருங்க சோதனை! ஒரே ஒரு வார்த்தை பேசு, ஒன்பதாம் நிலை உனக்குத்தான். பசாசு கொம்போடா வரும்? பின்வாசலில் பவுலின் மாதிரிதான் வரும்.

நான் குனிந்துகொண்டேன்.

"பேச மாண்டியா? சரி, பேசாண்டாம். ஒரு தலையாட்டு ஆட்டு, போதும்."

தலையாட்டுவதும் பேச்சுதானே அக்கா? ஊமை என்ன செய்வான்? தலையாட்டித்தான் பேசுவான். நான் ஆட்டவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கீரை எல்லாம் உருவி முடிந்து, வெறும் ஈர்க்கையே உருவிக்கொண்டிருந்தேன்.

நிலைப்படியிலேயே சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "உனக்கு இஷ்டம் இல்லைன்னா விடு, நான் கித்தேரிகிட்டக் கேக்கேன்" என்றாள். போய்விட்டாள்.

சும்மா பூச்சாண்டி காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் ரோஜாத் துணியை இஸ்திரி போட்டு, மெழுகுதிரி வாங்கி, ஷைனிக்கு வெள்ளை கவுன் போட்டு, சந்து முனையில் நிற்கிறேன். ஷைனி என் மகள், ஒன்றாம் வகுப்பு. சிலுவை வருகிறது, எட்டாம் நிலை முடிகிறது, நேரே போய் கித்தேரி வாசலில் நிற்கிறது! பிளாஸ்டிக் மேசை, அதன் மேல் அவள் மருமகளுடைய சுடிதார் துப்பட்டா. மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறாள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்து எழுந்திருக்கிறதற்குள் பின்னால் நின்ற கிழவிகளுக்கு முட்டே போய்விட்டது. ஊரே முட்டுப் போட்டிருக்கிறது, நான் மட்டும் கையில் துணியோடு நிற்கிறேன்.

கித்தேரியோடு பேசுவதற்கு எனக்கு ஒறுத்தல் கிடையாதே. சிலுவைப்பாதை முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, கேக்காத இடத்துல கை நீட்டி வாங்கிக்கிட்டியளோ?" என்றேன். அவள், "நான் எங்கட்டி கேட்டேன்? பவுலின் வந்து அழுதா. என் வீட்டு மனுசி கிட்டக் கேட்டேன், மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல, நீயாவது வையின்னு சொன்னா" என்கிறாள். அழுதாளாம்! என் முன்னால் ஒரு சொட்டு விடவில்லை, எதிர்வீட்டில் போய் அழுதிருக்கிறாள். இதுதான் அவளுடைய புத்தி. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? ததேயுவிடம் சொல்லிவிடக் கூடாதா? இல்லை, பேசாமல் மேசையைத் தூக்கி என் வாசலில் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்? சொல்லவும் முடியாதே, நான்தான் பேசுவதில்லையே!

மறுநாளே சாமியாரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி, சோதனையில் நான் விழாமல் நின்றதையும் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எமல்டா, அந்த ஒறுத்தலை விட்டுரு. நான் அனுமதி தாரேன். இன்னைக்கே போய்ப் பேசு" என்றார். கேட்டீங்களா கதையை? நாற்பது நாளுக்கென்று ஆண்டவரிடம் கொடுத்த வாக்கைப் பாதியில் விடச் சொல்கிறார், ஒரு குருவானவர்! கோழி தின்னலாமா சாமி என்று கேட்டால் இவர் அனுமதி தருவாரா? "முடிக்காம விட மாண்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தக் காலத்துச் சாமியார்களுக்கே தவக்காலம் விளையாட்டாகப் போய்விட்டது.

அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். அவள் புருஷன் ஹூபர்ட் மச்சான் மஸ்கட்டில். லீவு கேட்டிருக்கிறார், சனிக்கிழமைதான் விமானம். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறது, பரீட்சை, அதற்குச் சொல்ல வேண்டாம் என்று பவுலின் சத்தியம் வாங்கியிருக்கிறாள். துணைக்கு வைத்த பொம்பிளை ஒரே நாளில் ஓடிவிட்டாள். அப்போ யார் போவது? கித்தேரியா போவாள், மேசை போட மட்டும்தானே வருவாள். "நீ போ" என்றார் ததேயு. கேலி இல்லாமல் அந்த மனுஷர் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். "போவேன், பேச மாண்டேன்" என்றேன். "என்னமும் செய்யி, போ" என்றார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து போகிறேன். அங்கே நர்ஸம்மா என்னை ஊமை என்றே முடிவு பண்ணிவிட்டது. மாத்திரை கொடுக்கச் சொல்வதற்குக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுகிறது. பவுலின் காதில் என் குரல் விழக் கூடாதே என்று நானும் விட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி, "பாவம், பேச்சு வராட்டாலும் எப்படிப் பாக்கு பாரு, தங்கச்சியா?" என்று பவுலினிடம் கேட்கிறாள். அவள், "ஆமா" என்றாள். சிரிக்கவும் செய்தாள், தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாருங்க, பதில் சொல்ல முடியவில்லையே! யாருக்கு யார் தங்கச்சி?

செவ்வாய்க்கிழமை அவள்தான் பேசினாள். தண்ணி, போதும், தலகாணியைச் சரிபண்ணு, ஷைனி சாப்பிட்டாளா, ஹூபர்ட்டுக்குப் பயப்படாதபடி சொல்லச் சொல்லு. நான் எல்லாம் செய்தேன். நேற்று அதுவும் இல்லை. கஞ்சியை வாய் வரை கொண்டுபோனேன், உதட்டை மூடிக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். சரி, எனக்குப் போட்டியாக இவளும் பேச்சை ஒறுத்துவிட்டாள், தவக்காலம் முடியப்போகிற நேரத்தில் ஆரம்பிக்கிறாளே என்று நினைத்தேன். அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். துணியை விலக்கிப் பார்த்தார், கூட வந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். எங்க பள்ளிக்கூடத்து இங்கிலீஷுக்கு அது எட்டவில்லை. என்னிடம் திரும்பி, "வீட்டில் ஆம்பிளை யாராவது இருந்தா நாளைக்கு வரச் சொல்லும்மா" என்றார். நர்ஸம்மா அதையும் கையால் காட்டியது. இன்றைக்குச் சாயங்காலம் ததேயு வருவார்.

ஆம்பிளை எதற்கு? நான் நிற்கிறேனே. என்னிடம் சொன்னால் என்ன? ஊமைதானே, செவிடு இல்லையே.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். சரி, என்னதான் இருந்தாலும் சனிக்கிழமை ராத்திரி மணி அடித்ததும் பேசிவிடலாம். முதல் வார்த்தை என்ன பேசுவது என்று கூட யோசித்துவிட்டேன். "என் வாசலில் விழ வேண்டிய ஆண்டவரைக் கித்தேரி வாசலில் விழ வைத்தாயே, நல்லா இருப்பியா" என்று தொடங்கலாம் என்று இருந்தேன். அப்புறம், நல்லா இருப்பியா என்பது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளிடம் அந்த வார்த்தை வேண்டாம். வேறு ஏதாவது சொல்லித் திட்டலாம், அவசரம் இல்லை. இன்றைக்கு வியாழன். நாளைக்குப் பெரிய வெள்ளி. நடுவில் இருப்பது இரண்டு நாள். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? சொல்லுங்க. என்ன ஆகிவிடப்போகிறது?

அடுத்த ஸ்டாப்தான் ஆஸ்பத்திரி. பையை எடுத்துக்கோங்க. அக்கா, ஒன்று கேட்கட்டுமா? உங்க வீட்டுக்காரர்கிட்டப் போகிற வழியில் இரண்டு நிமிஷம் எங்க வார்டுக்கு வாங்க. பெண்கள் வார்டு, மாடிப்படி ஏறியதும் இடது கைப் பக்கம். நான் பேசினால்தானே வாக்குத் தப்பும்? நீங்க பேசினால் யாருக்கு என்ன? சும்மா பார்க்க வந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, "ஒன்பதாம் நிலை அடுத்த வருஷம் யார் வாசலில்?" என்று கேளுங்க. கித்தேரி என்று சொன்னால் எனக்குக் கண்ணைக் காட்டுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்படியே கஞ்சிக்கு உப்புப் போதுமா என்றும் கேளுங்க. குடிக்க மாட்டேன் என்கிறாளே. சிறுபயறு போட்டால் அவளுக்குப் பிடிக்கும், இன்றைக்குப் போட்டிருக்கிறேன். அப்புறம்... வலிக்குதா என்று கேளுங்க. ராத்திரி தூங்கினாளா என்று கேளுங்க. ஆளில்லாமல் பயந்தாளா என்று கேளுங்க. நிலையைக் கடைசியாகக் கேட்டால் போதும். ஞாபகம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்க, அது ஒன்றும் ஓடிப்போகாது. வலிக்குதா என்பதை முதலில் கேளுங்க. நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீங்க, அவளுக்குத் திமிர் ஏறிவிடும்.

பார்த்து இறங்குங்க, படி உயரம். அவள் கண்ணைத் திறக்காவிட்டாலும் விடாதீங்க, இரண்டு மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. பவுலின் என்று கூப்பிடாதீங்க, பவுலினக்கா என்று கூப்பிடுங்க, நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் ஏதாவது சொன்னால், அதை நீங்க ஒருதடவை சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்க. நான் வராண்டாவில் கதவு ஓரமாகத்தான் நிற்பேன்.